பொழி திறந்திருக்கிறது: மணக்குடியில் நான்கு நாட்கள்

முதல் நாள், வெள்ளி இரவு

நாள் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. நாகர்கோவிலில் வந்து இறங்கினால் ஊரே சுசீந்திரத்தைப் பார்த்து நடக்கிறது. மார்கழித் திருவிழா, இன்று தேரோட்டம், மாவட்டத்துக்கே விடுமுறை. ஓடுகிற பஸ் எல்லாம் சுசீந்திரம் ஸ்பெஷல். மணக்குடி பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "வரும் வரும், வராம எங்க போவப் போவுது" என்கிறார் கடைக்காரர். அந்தத் தைரியத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்றேன், நாலு மட்டிப் பழம் தின்றேன். கடைசியில் ஒன்று வந்தது. பறக்கை, தெங்கம்புதூர் வழியாக வயலும் தென்னையுமாக ஓடிக் கடலோரம் கொண்டுவந்து விட்டது.

ஊர் என்னுடன் கல்லூரியில் படித்த நண்பனுடையது. அவன் வளைகுடாவில் இருக்கிறான். "நீ போ, பெரியப்பா பாத்துக்கிடுவாரு" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இந்த முறை பெரியப்பாவிடமும் சொல்லியிருந்தான். அவர் எழுபதைத் தாண்டியவர், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டேன் என்று அவர்தான் சொல்கிறார். பெரியம்மா அதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

மணக்குடி ஒரே ஊர் இல்லை. மேல மணக்குடி, கீழ மணக்குடி என்று இரண்டு ஊர், நடுவே பழையாறு. மலையிலிருந்து இறங்கி, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, நாகர்கோவில் சாக்கடையையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, சுசீந்திரம் கோயில் பக்கமாகப் போய் இங்கேதான் கடலில் விழுகிறது. விழுவதற்கு முன்னால் அகன்று ஒரு காயலாகத் தேங்கி நிற்கிறது. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் ஆறு உடைத்துக்கொண்டு போகும் வாய்க்கு இங்கே பொழி என்று பெயர்.

வந்ததும் பெரியப்பா கேட்டது பயணம் எப்படி என்றல்ல. "வரும்போ பாலத்துல இருந்து பொழி பாத்தியளா, எவ்வளவு அகலம் கெடக்கு?"

எனக்கு எங்கே தெரியும். பையை வைத்துவிட்டு அவரோடு திரும்பப் பாலத்துக்கு நடந்தேன்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். காயலில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாம் கடலைப் பார்த்துப் போகிறது. பொழியில் அது குறுகி வேகமாகி, வெளியே வருகிற அலையோடு மோதும் இடத்தில் குட்டிக் குட்டியாக நிமிர்ந்து நிற்கிறது. இந்தப் பக்கம் பழுப்பு கலந்த பச்சை, அந்தப் பக்கம் நீலம், நடுவில் நுரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஆலாப் பறவைகள் குத்திக் குத்தி எழுகின்றன. கூடவே ஒரு நாற்றம். ஊறப்போட்ட தென்னங்கதம்பல், அதாவது தேங்காய் உரிமட்டை என்றார். இந்தப் பக்கமெல்லாம் தென்னை. பக்கத்து ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. கதம்பலைக் காயலில் மாசக் கணக்கில் ஊறப்போட்டு அடித்தால்தான் கயிறு. பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிட்டது.

பெரியப்பா கையை நீட்டிக் கண்ணைச் சுருக்கி அளந்தார். "ஐப்பசியில கெடந்ததுல பாதிகூட இல்ல. ஆறு மெலிஞ்சாச்சு. மணலு உள்ள வருது."

நாளைக்குப் பௌர்ணமி, தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும், காலையில் காட்டுகிறேன் என்றார். வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் வரை தொங்குமாம். இரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். எழுதும்போதும் விரலில் குடம்புளி வாசனை இருக்கிறது.

இரண்டாம் நாள், சனி

ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார். கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர், நேரே காயல் கரை.

நேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் இன்று சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது. சின்ன நண்டுகள் ஒரே நேரத்தில் வளைக்குள் போய், நாம் அசையாமல் நின்றால் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அலையாத்திச் செடிகளின் அடியில் மூச்சு வேர்கள் ஆணி அடித்து வைத்த மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. கரையில் பெரியப்பா ஊன்றி வைத்த ஒரு கம்பு. சவுக்கு. அதில் அரிவாளால் கொத்திய கோடுகள். இன்ன கோடு வரை ஏறினால் வள்ளம் தரை தட்டாமல் பொழி தாண்டலாம், இன்ன கோட்டுக்குக் கீழே என்றால் வெளியேதான் கரையேற்ற வேண்டும். பேரன் போனில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரக் கணக்கு, பார்த்துச் சொல்கிறான். இவர் கம்பைப் பார்த்துச் சொல்கிறார். ரெண்டும் ஒத்துத்தான் வருகிறது, ஆனால் அட்டவணைக்கு மணல் தெரியாது என்பது அவர் வாதம். அதுவும் சரிதான்.

நம் கடலில் ஓதம் பெரிய வித்தை ஒன்றும் காட்டாது. குஜராத்தில் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, இங்கே பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் கிடையாது. ஒரு நாளில் இரண்டு தரம் ஏற்றம், இரண்டு தரம் வற்றல். நாளுக்கு நாள் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் என்று தள்ளிப்போகும். ஆனால் மணல் திட்டின் வாயே முழங்கால் ஆழம் என்னும்போது அந்த முக்கால் மீட்டர்தான் எல்லாம். பொழி திறந்திருந்தால் அது காயலைக் கழுவிவிடுகிறது, இறால் குஞ்சும் மடவையும் உள்ளே வருகின்றன. மழை ஓய்ந்து ஆற்றில் வேகம் குறைந்தால் அலை கொண்டுவருகிற மணலைத் தள்ள ஆள் இல்லை, வாய் மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. அப்புறம் ஏற்றமும் இல்லை, வற்றலும் இல்லை. காயல் குளமாகக் கிடக்கும், கதம்பல் நாற்றம் கூடும். அடுத்த மழையில் தண்ணீர் பெருகி வீட்டு வாசலுக்கு வரும்போது பொழி வெட்ட வேண்டும். முன்பெல்லாம் ஊர் கூடி மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறுவார்களாம். மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். "ஒரு முழம் வெட்டுவோம், நேரம் வெளுக்கும்போ ஒரு தெருவே போற அகலத்துக்கு உடைச்சிருக்கும். வெட்டுனவன் எந்தப் பக்கம் நிக்கான்னு பாத்து வெட்டணும், இல்லாட்டி அக்கரையில மாட்டிக்கிடுவான்." இப்போது அதையும் ஜேசிபி செய்கிறது.

ஏழு மணிக்கு வள்ளங்கள் வர ஆரம்பித்தன. ஃபைபர் வள்ளம், பின்னால் எஞ்சின். மணல்மேல் ஏறும் முன்பே எஞ்சினைத் தூக்கிவிட்டு, அலை தூக்குகிற அந்த ஒரு கணத்தில் எல்லோரும் குதித்து இழுக்கிறார்கள். ஒரு வலையில் நெத்திலி, வெள்ளி நாணயத்தைக் கொட்டிய மாதிரி. இன்னொன்றில் சாளையும் கொஞ்சம் அயிலையும். மணலிலேயே ஏலம். ஏலம் சொல்கிறவர் பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு எண்கூடப் புரியவில்லை, ஆனால் சுற்றி நின்ற பெண்கள் ஒரு புருவ அசைவில் விலையை நிறுத்துகிறார்கள். அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஓடும்போது மீன்வாடை எங்களுக்கு வேண்டாம் என்று முகம் சுளிக்கிற ஆட்கள் பஸ்ஸில் உண்டு. சாப்பாட்டில் அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் தெரியவில்லை.

ஏலம் முடிந்து சாப்பிட்டு, பத்து மணிக்கு உப்பளம் பார்க்கக் கிளம்பினேன். செருப்பில் சேறு அப்பியிருந்ததால் கழுவிக் காயல் கரையில் காயவைத்துவிட்டு, பேரனுடைய பிளாஸ்டிக் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் வண்டியிலேயே போனேன். சாமித்தோப்பு பக்கமும் புத்தளம் பக்கமும் உப்பளங்கள். பாத்திகளில் வானம் கிடக்கிறது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றை வரிசையாகத் தலையைக் கவிழ்த்து வடிகட்டிக்கொண்டிருந்தன. நூறு இருக்கலாம், எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில், உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. பறவைகளுக்கு அந்தக் குளமும் இந்த உப்பளமும் காயலும் ஒரே சாப்பாட்டுக் கடையின் வேறு வேறு மேஜைகள்.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதிக்கும், அவருடைய வழிபாட்டிடத்துக்கும், போனேன். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடி. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டியிருந்த ஒரு காலத்தில், சாதி பார்த்துத் தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆட்களிடம், தலையில் கட்டு என்று சொன்னவர் அவர். பேரன் எனக்குக் கட்டிவிட்டான். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பினால் என் செருப்பில் ஒன்று இல்லை. காலையில் சேறாகக் கிடந்த இடம் முழுக்கத் தண்ணீர். கம்பில் மேலேயிருந்து இரண்டாவது கோட்டைத் தொட்டு நிற்கிறது. ஒற்றைச் செருப்பு மட்டும் அலையாத்தி வேரில் மாட்டிக்கொண்டு மிதக்கிறது. மற்றது பொழிக்குப் போயிருக்குமா காயலுக்குள் போயிருக்குமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"ஏறுற தண்ணியில போச்சுன்னா சுசீந்திரத்துக்குப் போயிருக்கும். தேரு பாக்க." 

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும், "மிச்ச ஒண்ணைத் தூரப் போடாதிய" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில், வலைகள் குவியலாக மூடி வைத்தபடி. ஊரே பூசைக்குப் போயிருந்தது. 1544இல் சவேரியார் இந்தக் கரையோரமாக ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்ததிலிருந்து கோயில்தான் இங்கே பஞ்சாயத்து, அறிவிப்புப் பலகை எல்லாம். கடல் எச்சரிக்கைகூடக் கோயில் மைக்கில்தான் வரும். கள்ளக்கடல் என்றொரு சொல் உண்டு. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே கரையேறுவது. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மீனவர்கள் சொல்லும் சொல். 2012இல் யுனெஸ்கோ அதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஒரு மாநாட்டிலும் கலந்துகொள்ளாத சொல்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நினைவிடத்தில் ஒன்பது நாள் முன்பு போட்ட மாலைகள் காய்ந்து நிறம் மாறிக் கிடந்தன, மெழுகு உருகிய தடம் சிமெண்டில். பெரியப்பா அதிகம் பேசவில்லை. முதலில் பொழி வறண்டதை அவர் பார்த்திருக்கிறார். தண்ணீர் இவ்வளவு தூரம் வற்றும் நேரம் இல்லையே என்று நினைத்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். பழைய பாலத்தின் தளங்களை அலை தூக்கி எறிந்தது. மேல மணக்குடியும் கீழ மணக்குடியும் துண்டாகிப் போய், இராணுவம் வந்து இரும்புப் பாலம் போட்டுத்தான் இரண்டு ஊரும் சேர்ந்தன. இப்போதிருக்கும் பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர். காமராஜர் அமைச்சரவையில் 1957 முதல் 1962 வரை மீன்வளமும் உள்ளாட்சியும் பார்த்தவர். கடற்கரையிலிருந்து போன ஒரு பெண்.

பத்து மணிக்குப் பேரனோடு மேற்கே கிளம்பினேன். கல் கட்டிய பொழி எப்படி இருக்கும் என்று பார்க்க. தேங்காய்ப்பட்டணம். வழியெல்லாம் கடலோரம்: ராஜாக்கமங்கலம், பாறைகளுக்கு மேல் கலங்கரை விளக்கம் நிற்கும் முட்டம், கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சி. அந்த மணலில்தான் மோனசைட், இல்மனைட் என்ற கனிமங்கள். குளச்சலில் வெற்றித்தூண் பக்கம் ஒரு டீ. 1741 ஆகஸ்ட் 10இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே ராஜாவுக்குப் படைத்தளபதியானார், உதயகிரிக் கோட்டையில் அடக்கம். தூணைச் சுற்றி ஆட்டோக்கள் நிற்கின்றன, அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

குளச்சல் தாண்டியதும் ஏவிஎம் கால்வாய் கூடவே வருகிறது, அல்லது வந்திருக்க வேண்டும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், 1860இல் தொடங்கியது, திருவனந்தபுரத்தையும் குமரியையும் தண்ணீர் வழியில் இணைக்கும் கனவு. கடவுள் பெயர், இங்கிலாந்து ராணி பெயர், ராஜா பெயர் மூன்றையும் தாங்கியும் முடியவில்லை. சில இடத்தில் ஆகாயத் தாமரை, சில இடத்தில் குப்பை, சில இடத்தில் அது இருந்ததற்கு ஒரு சின்னப் பாலம் மட்டும் சாட்சி.

தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்வது குழித்துறைத் தாமிரபரணி. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வருவது. ஆற்றின் இந்தப் பக்கம் பழைய பள்ளிவாசலும் தென்னந்தோப்பும், அந்தப் பக்கம் இரையுமன்துறை. அங்கிருந்து கேரள எல்லையில் நீரோடி வரை தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்கள் வரிசையாக. ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கிறவர்கள், வாரக்கணக்கில், மாசக்கணக்கில் கரை பார்க்காதவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இவர்களைத்தான் நடுக்கடலில் பிடித்தது. இரையுமன்துறைப் பாலத்தில் நின்று பேரன் எட்டு ஊர்ப் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னான். ஒவ்வொரு ஊரிலும் அவனோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான், சிலரின் அப்பா இல்லை.

துறைமுகம் பெரியது. இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லும், டெட்ராபாட் என்னும் நாலு கால் கான்கிரீட் கட்டைகளும் போட்டு நீட்டிய சுவர்கள். ஞாயிறு என்பதால் விசைப்படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி, ஆற்றின் ஏற்றத்தில் ஒன்றையொன்று மெதுவாக உரசிக்கொண்டு, பெயிண்ட் உதிர. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய் பக்கம் போய் நின்றால் தெரிகிறது: சுவருக்குள்ளேயே அலை உடைகிறது. அலை உடைகிற இடத்தில் அடியில் மணல். இங்கே முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, நுழையும்போது அலை தூக்கிக் கவிழ்த்ததில் பல உயிர்கள் போயிருக்கின்றன. கரையிலிருந்து ஆள் பார்த்துக்கொண்டிருக்க, நூறு இருநூறு அடி தூரத்தில். மணலை அள்ளுகிறார்கள், மறுபடி வருகிறது. சுவரை நீட்டு என்கிறார்கள். நீட்டினால் அடுத்த ஊரில் கரை அரிக்கும் என்கிறார்கள் அடுத்த ஊர்க்காரர்கள், அவர்களுக்கு அவர்களுடைய தூண்டில் வளைவு, அலையைத் தடுக்கிற கல்சுவர், வேண்டும். இந்தச் சங்கிலி எங்கே முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கரை நெடுக நடக்கிற மணலை ஒரு இடத்தில் தடுத்தால் அது இன்னொரு இடத்தில் குறையத்தான் செய்யும், அதற்கு எஞ்சினியர் படிப்பு வேண்டாம்.

கல்லில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம், துறைமுகம் வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "துறைமுகம் வேணும் தம்பி. இது வேணாம்" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

இன்னொரு வேடிக்கை: இதே மாவட்டத்தில் விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31. மீனுக்கு இந்த எல்லை தெரியுமா என்று பேரன் கேட்டான்.

ராத்திரி பெரியப்பாவிடம் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அலை சுவருக்கு உள்ள உடைக்கா, வெளிய உடைக்கா?" உள்ளே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

நான்காம் நாள், திங்கள்

பஸ் பதினொன்றுக்கு. இந்த முறை நேரத்துக்கு வரும் என்றார்கள், தேர் முடிந்துவிட்டது.

காலையில் கடைசியாக ஒரு தரம் பாலத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியாமல் நின்ற அதே இடம். இப்போது எனக்கும் கண் தானாகப் பொழிக்குத்தான் போகிறது. மேல மணக்குடிப் பக்கத்திலிருந்து மணல் ஒரு நாக்கு மாதிரி நீண்டிருந்தது. வந்தபோது அது இவ்வளவு நீளம் இல்லை. அதன் நுனியில் ஒரு சிறுவன் வீச்சு வலையை உதறிக்கொண்டு நின்றான், தண்ணீர் அவனுக்கு முட்டளவு.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த சமாச்சாரம்தான், இருந்தாலும் நான் சொன்னதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "மாசி கடைசியில வாங்க. கீழ மணக்குடிக்கு மணல் வழியே நடந்து போலாம். பாலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

பெரியம்மா கருவாடு ஒரு பொட்டலம், முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் கட்டி, இரண்டும் ஒன்றோடொன்று வாசம் பிடிக்காமல் இருக்க நடுவில் என் துண்டை வைத்துத் திணித்தார். காலில் பேரனின் பிளாஸ்டிக் செருப்பு, அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

திண்ணையில் பெரியப்பா வலையை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கத்தி, அளவுக்கு ஒரு பழைய டப்பா மூடி. என் ஒற்றைச் செருப்பு ஏற்கெனவே வட்ட வட்டமாக வெட்டப்பட்டு, நடுவில் ஓட்டை போட்டு, மேல் கயிற்றில் கோத்தாகிவிட்டது. குதிகால் பக்கம் தடிமன், அதில் ரெண்டு நல்ல மிதப்பு வந்ததாம்.

"மொத்தம் ஆறு" என்றார். "மத்ததும் கெடைச்சா அனுப்பி வையிங்க."